மட்டக்களப்பு வாவிப் பகுதியில் பொதுசனத் தொடர்பும் நிலைத்த செல்வாக்கும்

ஓர் ஆட்சியோ நிறுவனமோ சமூகமோ தன் சொல்லை மக்களிடம் சேர்ப்பதும், மக்கள் சொல்வதைத் தான் கேட்டுக்கொள்வதும் பொதுசனத் தொடர்பு எனப்படும். இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், இந்த வேலை தொழிற்பெயர் இல்லாமலே நெடுங்காலமாக நடந்து வருகிறது. கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்காயர், போடியார், பாதிரியார், ஆசிரியர், செய்தியாளர், மாதர் சங்கத் தலைவி என்று அது கைமாறியிருக்கிறது. சொல்லை இருபக்கமும் சுமந்தவர்களின் செல்வாக்கு அவர்களுக்குப் பின்னும் நின்றது. ஒருபக்கமாக மட்டும் பேசியவர்களின் குரல் பதவியோடோ பணத்தோடோ அடங்கியது.

மேலைநாட்டில் இத்துறையின் முன்னோடிகளாக ஐவி லீயையும் எட்வர்ட் பெர்னேய்ஸையும் சொல்வார்கள். பத்திரிகைகளுக்கு எதையும் மறைக்காமல் தகவல் தருவோம் என்ற கொள்கை அறிக்கையை லீ 1906இல் வெளியிட்டார். பெர்னேய்ஸ் 1923இல் எழுதிய நூலில், நிறுவனத்தை மக்களுக்கும் மக்களை நிறுவனத்துக்கும் விளங்கவைப்பவரே பொதுசனத் தொடர்பு ஆலோசகர் என்று வரையறுத்தார். அந்த வரையறைக்குப் பொருந்தும் ஆட்கள் வாவிக்கரையில் அதற்கு முன்பே இருந்தார்கள்.

ஊரியும் மீனும்

இப்பகுதியின் பெயர் வெளியுலகுக்குப் போன விதத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1848 செப்டம்பரில் குடியேற்ற அரசின் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறதாமே என்று விசாரித்தார். மீனவர்கள் அவரை நிலவொளியில் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீரின் அடியிலிருந்து வந்த ஒலி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வு போல இருந்ததாக அவர் எழுதினார். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் இன்றைக்கும் உண்டு.

ஒலியை எழுப்புவது ஒருவகை ஊரி, அதாவது ஓடுடைய நீர்வாழ் உயிரி, என்றே மீனவர்கள் டெனன்டிடம் சொன்னார்கள். வெளியே போனதோ பாடும் மீன். 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலிக்கும் போனது. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடர் மேடைப் பேச்சிலும் பாடப்புத்தகத்திலும் ஹோட்டல் விளம்பரத்திலும் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எந்தத் தொழில்முறை விளம்பரமும் இந்த ஊருக்கு இவ்வளவு நீண்ட புகழைத் தேடித் தந்ததில்லை. ஆனால் முதலில் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டியவர்களின் 'ஊரி' எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இல்லை. ஒலியைக் காட்டியவருக்கும் அதற்குப் பெயர் வைத்தவருக்கும் இடையிலான இந்தத் தூரத்தைப் பின்னைய காலங்களிலும் காணலாம்.

குடியும் கோயிலும்

வாவிக்கரைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். குடிக்குக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ பிரதிநிதி இருப்பார். கோயிலில் அவர் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்து 1969 முதல் இதை ஆராய்ந்து, 2008இல் விரிவான நூலாக வெளியிட்டார்.

வண்ணக்கரின் வேலையை அறியத் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தால் போதும். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை எந்த நாள் எந்தக் குடியின் அல்லது ஊரின் உபயம் என்று அதில் வரிசையாக இருக்கும். வெளியூரார் அதைப் பூசை நேர அட்டவணை என்றே படிப்பார்கள். உள்ளூராருக்கு அது யார் யாருக்கு என்ன உரிமை என்ற பொது அறிவிப்பு. ஒரு பெயர் இடம் மாறினால் பிணக்கு வரும், வழக்கு வரை போவதும் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் போன்ற தேசத்துக் கோயில்களில் பல ஊர்களும் பல குடிகளும் உரிமை கோருவதால், எல்லாருக்கும் ஏற்ற சொல்லைத் தேடிப் பிடிப்பவரே வண்ணக்கராக நிலைக்க முடிந்தது. தன் குடிக்காக மட்டும் வாதாடியவரின் பெயர் அவர் காலத்தோடு போனது.

நெல்வயலைக் கட்டி ஆண்ட போடியாரும் இப்படி ஒரு நடுவர்தான். நெடுங்காலம் கோட்டைக்குள் இருந்த அரச நிர்வாகக் கச்சேரிக்கும் படுவான்கரைக் குடியானவனுக்கும் இடையில் அவர் நின்றார். காணி உறவுகள் மாற, அந்தச் செல்வாக்கும் கரைந்தது. பறைமேளக் கலைஞரின் நிலை வேறு. சாவையும் சடங்கையும் ஊருக்கு அறிவித்த ஒலி அவருடையது. சபையில் பேசும் உரிமையோ சாதியின் பெயரால் மறுக்கப்பட்டது. மட்டக்களப்பின் தகவல் வரலாற்றை எழுதுபவர் எவரும் இந்த அநீதியைக் கடந்துபோகக் கூடாது.

பள்ளிக்கூடமும் மேடையும்

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் 1815இலேயே இறந்துபோனாலும் அவர் தொடங்கிய பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் யாழ்நூலை வெளியிட்டு அவ்வாண்டே மறைந்தார். அவர் எந்த அரசுக்கோ கட்சிக்கோ பிரசாரம் செய்யவில்லை. இருந்தும் மட்டக்களப்புக்குத் தமிழுலகில் ஒரு முகம் கிடைத்தது அவரால்தான். தேர்தல் மேடையில் அவ்வாறு பெயர் பெற்றவர் 'சொல்லின் செல்வர்' செ. இராசதுரை. 1956 முதல் மூன்று தசாப்தங்களுக்கு மேல் அவர் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1979இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். பேச்சின் சுவையை ஊர் மறக்கவில்லை, மாறியதையும் மறக்கவில்லை.

போர்க்காலத்தின் பட்டியல்கள்

போர்க்காலத்தில் பொதுசனத் தொடர்பு என்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலையானது. 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். முகாமைப் பொறுப்பேற்றிருந்தவர்கள் குறித்துவைத்த விவரங்கள்தான் பின்னர் விசாரணைகளுக்கு முன் நின்றன. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 15இல், இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார் மட்டக்களப்பு நோக்கி வரும் வழியில் காணாமல் போனார். அவருடைய சபையைச் சேர்ந்த பென் மில்லர் அடிகளார் 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதினார். படைமுகாம்களுக்குப் போய் விசாரித்தார். 2019இல் இந்த ஊரிலேயே மறைந்தார். அறிக்கை விடுவதோடு நிறுத்தாமல் கதவைத் தட்டிக் கேட்டு, கிடைத்த பதிலைத் தாயிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. 'இல்லை' என்பதே பதிலாக இருந்தாலும் அதைச் சொல்ல ஒருவர் இருந்தார்.

செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த, 'தராகி' என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நத்தார் ஆராதனையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் புனித மரியாள் பேராலயத்தில் கொல்லப்பட்டார்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தது. அடுத்த சில மாதங்களில் வெளிநாட்டு என்.ஜி.ஓ.க்களின் பெயர்ப்பலகைகள் தெருவெங்கும் முளைத்தன. தகவல் உத்தியோகத்தர், சமூகத் தொடர்பாளர் என்ற வேலைகள் அப்போதுதான் இங்கே பரவலாயின. திட்டம் முடிந்ததும் பலகை கழன்றது. வீட்டுப் பட்டியலில் யாருடைய பெயர் விடுபட்டது, மானியம் ஏன் வரவில்லை என்று கேட்க மக்கள் போனது கிராம சேவையாளரிடமும் மீனவர் சங்கத்திடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும்தான். கோயிற் சபையில் குரல் இல்லாத பெண்கள் இந்தச் சங்கங்கள் வழியாகவே பிரதேச செயலகம் வரை பேசத் தொடங்கினார்கள். 1990களிலிருந்து இங்கே இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வீதி நாடகத்தையும் பாட்டையும் அதற்குத் துணையாக்கியது. இப்பகுதியின் அண்மைக்கால மாற்றங்களில் மிகப் பெரியது இதுவே.

முஸ்லிம் ஊர்களில் இந்த இடத்தைப் பெரும்பாலும் கூட்டமைப்புகள் வகிக்கின்றன. காத்தான்குடியில் பள்ளிவாசல்கள், முஸ்லிம் நிறுவனங்களின் சம்மேளனம் ஊருக்காகப் பேசுகிறது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் பலியானபோது, அன்றைய ஈஸ்டர் தாக்குதல்களின் சூத்திரதாரி தங்கள் ஊரைச் சேர்ந்தவன் என்ற பாரம் காத்தான்குடி மீது விழுந்தது. அவனைப் பற்றி அதற்கு முன்பே முறைப்பாடு செய்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்கள்தான். அந்தச் சொல் உரிய காலத்தில் கேட்கப்பட்டிருந்தால் அந்த உயிர்கள் மிஞ்சியிருக்கக்கூடும்.

கைத்தொலைபேசி

மரண அறிவித்தலும் ஜனாஸா அறிவித்தலும் இன்று ஒலிபெருக்கியில் வரும் முன்பே வட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. உள்ளூர் முகநூல் பக்கங்களுக்குப் பார்வையாளர் ஏராளம். ஆனால் பொய்ச் செய்தி ஒன்று பரவினால் மக்கள் இப்போதும் ஊரில் தெரிந்த ஒருவரை அழைத்து உண்மையா என்று கேட்கிறார்கள்.

நேரில் அறிந்தவரின் சொல்லுக்கு உள்ள இந்த மதிப்பு ஒரு போராட்டத்திலும் தெரிந்தது. 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைக் காக்கக் கோரிச் சித்தாண்டியில் கால்நடைப் பண்ணையாளர்கள் வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்களுக்கென்று ஊடகப் பேச்சாளரோ விளம்பரச் செலவோ இல்லை. அரசியல்வாதிகளும் மாணவர்களும் மதகுருமாரும் செய்தியாளர்களும் அவர்களைத் தேடிச் சித்தாண்டிக்கு வந்தார்கள். எந்த இடத்தில் காடு வெட்டப்பட்டது, எத்தனை மாடு வெடியில் செத்தது என்பதைப் பண்ணையாளர்களே சொன்னார்கள். மேய்ச்சல் தரைக்கு ஒவ்வொரு நாளும் போய்வந்தவர்கள் அவர்கள்தான்.