காரணமின்றி எரியும் பிரேக் எச்சரிக்கை விளக்கு: வரலாறும் காவிரிப் படுகையும்

பிரேக் எச்சரிக்கை விளக்கு, காரின் டேஷ்போர்டில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே எரியும் சிவப்பு விளக்கு. ஒரு வட்டம், அதனுள் ஆச்சரியக்குறி, வட்டத்தின் இருபுறமும் அடைப்புக்குறி போன்ற வளைவுகள் என்பது இதன் வடிவம். அவ்வளைவுகள் டிரம் பிரேக்கின் உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்களைக் குறிப்பவை. பிரேக்கில் குறை ஏதும் இல்லாதபோதும் இவ்விளக்கு எரிவதுண்டு. வாகனப் பட்டறைகளுக்கு வரும் பழைய புகார்களில் இதுவும் ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களைக் கொண்ட காவிரிப் படுகையில், மண்ணும் நீரும் நெல்லும் இப்புகாருக்குத் தமக்கே உரிய சில காரணங்களைச் சேர்த்தன.

விளக்கு இல்லாத காலம்

தஞ்சாவூர் வட்டாரத்தின் மோட்டார் வரலாறு 1910-களில் தொடங்குகிறது. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூர் - புதுக்கோட்டைப் பாதையில் பேருந்து ஓட்டியது அக்காலத்தில்தான். பின்னர் கும்பகோணத்தில் இராமன் அண்ட் இராமன் போன்ற தனியார் நிறுவனங்கள் வளர்ந்தன. 1972-இல் அரசுடைமையானபோது கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று.

தொடக்ககால வண்டிகளில் பிரேக் என்பது இரும்புக் கம்பியும் நெம்புகோலும். ஒரு கம்பி தளர்ந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், ஓட்டுநர் காலால் உணர்வார். படுகை தட்டையான நிலம் என்பதால் மலைச்சாலையில் போல இறக்கத்தில் பிரேக் சூடேறும் அச்சம் இங்கே இல்லை. அபாயம் வேறு வகையானது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு ஆகியவற்றின் கரைமீதே பல சாலைகள் செல்கின்றன. ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஆளுயரத்துக்குக் கீழே வயல், நடுவில் மதகை ஒட்டித் திடீரென ஒடியும் வளைவு. இரவில் விளக்கில்லாத மாட்டுவண்டிகளும் எதிரே வரும். இங்கே ஓட்டுநருக்கு வேண்டியது, மிதித்த கணத்தில் பிரேக் பிடிக்கும் என்ற உறுதி.

மால்கம் லாக்ஹீட் 1918 வாக்கில் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கினார். 1921-இல் அமெரிக்க டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் அதைப் பொருத்தியது. இந்தியாவில் 1957-இல் வந்த அம்பாசடர் இம்முறையிலேயே இயங்கியது. அக்காலக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே திரவச் சுற்று. எந்த இடத்தில் குழாய் பொத்தாலும் பெடல் தரை வரை இறங்கிவிடும். முன்னெச்சரிக்கை என்று எதுவும் கிடையாது. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்துப் ‘பம்ப் அடித்து’ வண்டியை நிறுத்துவது அன்றைய ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டிய கலையாக இருந்தது.

இரட்டைச் சுற்றும் முதல் பொய் விளக்கும்

1962-ஆம் ஆண்டு மாதிரிகளில் அமெரிக்காவின் காடிலாக், ரேம்ப்ளர் கார்கள் மாஸ்டர் சிலிண்டரை இரண்டாகப் பகுத்தன. ஒரு சுற்று போனாலும் மறு சுற்று பாதிப் பிரேக்கையாவது தரும். அமெரிக்க நாடாளுமன்றம் 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் 1968 ஜனவரி 1 முதல் இரட்டைச் சுற்றும் எச்சரிக்கை விளக்கும் அங்கே கார்களுக்குக் கட்டாயமாயின.

விளக்கு தேவைப்பட்டதன் காரணம் கவனிக்கத்தக்கது. ஒற்றைச் சுற்றில் கோளாறு தன்னைத் தானே அறிவித்துவிடும். இரட்டைச் சுற்றில் ஒன்று பழுதானாலும் வண்டி நிற்கும், ஆகவே மெதுவாக ஓட்டுபவர் அதை உணராமலே நாட்கணக்கில் ஓட்டலாம். பாதுகாப்பு கூடியதால் மறைந்துபோன கோளாறை வெளியே காட்டவே விளக்கு வந்தது.

முதல் ஏற்பாடு எளியது. இரண்டு சுற்றுகளுக்கும் இடையே ஒரு குழலில் சிறு பிஸ்டன். இருபுறமும் அழுத்தம் சமமாக இருந்தால் அது நடுவில் நிற்கும். ஒருபுறம் அழுத்தம் குறைந்தால் அப்பக்கம் நகர்ந்து சுவிட்சை அழுத்தும், விளக்கு எரியும். குழாயைச் சரிசெய்து காற்றை வெளியேற்றிய பின்னும் பிஸ்டன் ஒருபக்கமே ஒட்டி நின்றுவிடுவதுண்டு. பிரேக் நன்றாக இருக்கும், விளக்கு அணையாது. பொய்யாக எரியும் பிரேக் விளக்கின் வரலாறு இவ்வாறு விளக்கோடு ஒட்டியே பிறந்தது. பிஸ்டனை நடுவுக்குக் கொண்டுவர மறுபக்கத் திருகைத் திறந்து பெடலை மெல்ல மிதிக்கும் உத்தி மெக்கானிக்குகளுக்குத் தனிப் பாடமாயிற்று.

ஒரு விளக்கு, பல சுவிட்சுகள்

பின்னர் பெரும்பாலான கார்களில் பிஸ்டனின் இடத்தைப் பிரேக் ஆயில் கிண்ணத்தில் மிதக்கும் மிதவை எடுத்துக்கொண்டது. மிதவையில் ஒரு காந்தம் இருக்கும். ஆயில் குறைந்து மிதவை இறங்கினால் அக்காந்தம் கிண்ணத்தில் உள்ள சுவிட்சை மூடும். கைப்பிரேக்கின் அடியிலுள்ள சுவிட்சும் இதே விளக்குக்குத்தான் வருகிறது. 1962-இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபின் பிரேக் பாகங்கள் தமிழ்நாட்டிலேயே உருவாயின. ஆனால் இந்தச் சிவப்பு விளக்கைப் படுகையின் சாதாரணக் கார் உரிமையாளருக்குப் பழக்கியது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதியும் அதைத் தொடர்ந்த ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகளும்தான்.

இம்மின்சுற்றின் அமைப்பிலேயே பொய் எரிவின் விதை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பியூஸ் வழியே விளக்குக்கு வந்து காத்திருக்கும். எந்தச் சுவிட்சாவது மறுமுனையை வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைத்தால் விளக்கு எரியும். ஆகவே அந்த வயரின் தோல் எங்கே உரிந்து இரும்பைத் தொட்டாலும் விளைவு ஒன்றே. மாறாக வயர் அறுந்தால் விளக்கு என்றுமே எரியாது. முன்னது தொல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும். பின்னது தெரியாது.

சில ஜப்பானிய வண்டிகளில் விளக்கின் பல்பைச் சோதிக்கும் இணைப்பு ஆல்டர்னேட்டர் வழியாகச் செல்லும். அவற்றில் பிரேக் விளக்கும் பாட்டரி விளக்கும் ஒன்றாக எரிந்தால் பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கும்.

படுகையின் காரணங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெருவில் முழங்கால் நீர் நிற்பது படுகையில் புதிதல்ல. நீரில் ஊறிய சுவிட்சு இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. களிம்பு ஈரமாக இருக்கையில் மின்சாரத்தைக் கசியவிடும். காலையில் எரிந்து வெயில் ஏறியதும் அணையும் விளக்குக்கு இது காரணமாகலாம்.

தை, மாசியில் சம்பா அறுவடையின்போது சாலையில் நெற்கதிரையும் வைக்கோலையும் பரப்பும் வழக்கம் உண்டு. மேலேறிச் செல்லும் வண்டியின் அச்சில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும். சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறமிருக்க, சக்கரத்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய வயர்களையும் அது இழுத்துவிடும்.

எலியைத் தனியே சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் எலிகள் வரப்பு வளைகளை விட்டு வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் பெயர்கின்றன. எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை, எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். இரவில் இளஞ்சூட்டோடு நிற்கும் எஞ்சின் அறை அதற்கு நல்ல புகலிடம். உழவு மாடு குறைந்தபின் பல வீடுகளில் மாட்டுக்கொட்டகை கார்க் கொட்டகையாயிற்று. எலிக்கு முகவரி மாறவில்லை. வயல் எலிக்கு இப்பகுதி கண்ட விடை, வளைத்த மூங்கிலின் விசையால் இயங்கும் தஞ்சாவூர் கிட்டி. அந்தப் பொறியைக் கார் கொட்டகையில் வைப்பவர்களும் உண்டு.

பொய் போலத் தோன்றும் மெய்

படுகையில் மேடு என்று இருப்பது பெரும்பாலும் பாலத்தின் ஏற்றம்தான். பாலம் ஏறுகையில் எரிந்து, இறங்கியதும் அணையும் விளக்கை ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று தள்ளிவிடுவது எளிது. உண்மையில் பெரும்பாலும் கிண்ணத்தில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டருகே நிற்கிறது; வண்டி சாயும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி மிதவை இறங்குகிறது. ஆயில் குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிரேக் பேட் தேய்ந்தால் பிஸ்டன் முன்வந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். இது இயல்பு. அல்லது எங்கோ கசிகிறது. நீரில் நின்ற வண்டியின் பின்சக்கர டிரம்முக்குள் சிலிண்டர் துருப்பிடித்துக் கசிந்தால், டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக்கறை தெரியும்.

இதைப் பாராமல் ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைப்பதே மிகப் பரவலான தவறு. விளக்கு அணையும், கசிவு தொடரும். பேட் தேய்ந்ததுதான் காரணமென்றால், புதுப் பேட் மாட்டும்போது மிகுந்த ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டைத் தின்னும்.

தேடும் ஒழுங்கு

அனுபவமுள்ள மெக்கானிக் ஆயில் மட்டத்தையும் பேட்டின் கனத்தையும் பார்த்த பிறகே வயரைத் தொடுவார். இரண்டும் சரியென்றால் கிண்ணத்தின் சுவிட்சு இணைப்பைக் கழற்றுவார். விளக்கு அணைந்தால் குற்றம் சுவிட்சில் அல்லது மிதவையில். பழைய மிதவை ஆயிலை உறிஞ்சிக் கனத்து மூழ்குவதுண்டு. அணையாவிட்டால் கைப்பிரேக் சுவிட்சைக் கழற்றிப் பார்ப்பார். லீவர் முழுதும் இறங்காமல் ஒரு பல் மேலே நின்றாலும் விளக்கு எரியும். இரண்டையும் கழற்றிய பின்னும் எரிந்தால் வயரில் தேட வேண்டும். சில புதிய வண்டிகளில் கிண்ணச் சுவிட்சு தலைகீழாக வேலை செய்யும், இணைப்பைக் கழற்றினால்தான் எரியும். ஆகவே அந்த வண்டியின் மின்சுற்றுப் படம் இன்றியமையாதது.

1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காரில் அறிமுகப்படுத்திய ஏ.பி.எஸ்., இந்தியாவில் 2019-க்குள் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. மஞ்சள் நிறத்தில் அதற்குத் தனி விளக்கு உண்டு. ஆனால் முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பகுதி செயலிழந்தால் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும். சேறு படிந்த அல்லது வைக்கோல் இழுத்த சக்கரச் சென்சார் இப்போது இவ்வரிசையில் சேர்ந்திருக்கிறது. இங்கே ஸ்கேனர் உதவும். மிதவையும் கைப்பிரேக்கும் மட்டுமே உள்ள பழைய வண்டியில் அது ஒன்றும் சொல்லாது.

காரணம் அகப்படாதபோது சில பட்டறைகளில் கிண்ணச் சுவிட்சின் இணைப்பைக் கழற்றிக் கட்டிவைத்துவிடுவார்கள். வண்டி கைமாறும்போது இந்தச் செய்தி சேர்ந்து போவதில்லை. பழைய கார் வாங்குபவர் சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், கைப்பிரேக்கை இழுத்து விளக்கு எரிகிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு கைப்பிரேக்கை இறக்கிவிட்டுக் கிண்ணத்தின் மூடியைத் திறக்க வேண்டும். மிதவை மூடியோடு இணைந்த வண்டியென்றால் மூடியைத் தூக்கியதும் மிதவை தொங்கி விளக்கு எரியும். எரியாவிட்டால் கிண்ணத்திலிருந்து செல்லும் வயர் எங்கே முடிகிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.