பண்ணைக் கழிவும் பெங்களூரு போர்வெல்லும்: காய்ச்சினாலும் போகாத நைட்ரேட்

உங்கள் அபார்ட்மெண்டில் காவிரித் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா? பின்னிரண்டில் ஒன்று என்றால் இது உங்களுக்குத்தான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 ஆண்டறிக்கைப்படி, கர்நாடக மாதிரிகளில் 48.99% இந்த வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் 37.77%.

பண்ணைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

மாட்டுச் சாணம், கோழி எச்சம் இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. அளவாக வயலில் போட்டால் உரம். ஆனால் ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். 50,000 கோழி உள்ள பண்ணையில் தினமும் 5 டன். பக்கத்து வயல்கள் இவ்வளவையும் தாங்காது. மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு நிலத்தடிக்கு இறங்கும். அல்லது ஓடைக்குப் போகும்.

பெங்களூரு ஏரிகள் சங்கிலி போல இணைந்தவை. ஒன்று நிரம்பினால் அடுத்தது. கடைசியில் அர்க்காவதி அல்லது தென்பெண்ணை. தென்பெண்ணையில் விழுவது ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேரும்.

அப்போ பண்ணைகள் மட்டும்தான் காரணமா?

இல்லை. நகருக்குள் முக்கியக் காரணம் சாக்கடை. வெளியே ரசாயன உரமும் பண்ணைக் கழிவும் சேர்கின்றன. ஓர் ஆறு கெட்டால் என்ன ஆகும் என்பதை பெங்களூரு ஏற்கெனவே பார்த்துவிட்டது. அர்க்காவதியின் குறுக்கே 1933-ல் கட்டிய திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் எடுப்பது, நீர்வரத்து குறைந்து மாசும் கூடியதால் 2012-ல் நின்றுபோனது. இன்று காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்கிறோம்.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. மக்காச்சோள வயல்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த அமெரிக்காவின் ஐயோவாவில், ஆற்று நீரில் நைட்ரேட் எகிறியதால் 2025 ஜூனில் டெமாய்ன் வட்டாரத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள்.

சரி, நாம என்ன பண்றது?

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். யூவி ஃபில்டரும் உதவாது. ஆர்ஓ குறைக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் தண்ணீரில் கூடுதல் கவனம் தேவை: அதிக நைட்ரேட், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும்.

அசோசியேஷனிடம் பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்கள். அதில் ‘நைட்ரேட்’ என்றிருந்தால் வரம்பு 45. ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்றிருந்தால் வரம்பு சுமார் 10. இரண்டாவது வகை ரிப்போர்ட்டில் 20 என்று பார்த்து நிம்மதியடையாதீர்கள். நைட்ரேட் கணக்கில் அது சுமார் 89.