நுளம்பும் மூட்டையும்

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் 2017 மார்ச்சில் டெங்கு பரவியபோது பாடசாலைகள் மூடப்பட்டன. தெருத்தெருவாகப் புகை அடித்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வளவு வளவாகப் புகுந்து சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். நுளம்பு பெருக இடம் விட்ட வீட்டுக்காரரை நீதிமன்றத்துக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதே கிண்ணியாவில், பக்கத்து மூதூரில், உப்புவெளியில் கட்டிலில் மூட்டைப்பூச்சியைக் கண்டவர் வாய் திறப்பதில்லை. ஊத்தை வீடு என்று அயலட்டை சொல்லிவிடுமே என்ற பயம்.

நுளம்பை மட்டும் துரத்துவதில் அரசின் பக்கம் நியாயம் உண்டு. 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. ஆறு வற்றிப் படுகையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும்போது அனோபிலிஸ் நுளம்பு பெருகும். திருகோணமலை போன்ற உலர்வலய மாவட்டங்களுக்கு அந்தக் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக வந்த துன்பம். 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மூட்டைப்பூச்சியோ மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அது எடுப்பது உறக்கத்தை. விடிய எழும்பி வள்ளத்துக்குப் போகிறவருக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது சின்ன இழப்பு அல்ல.

நுளம்பில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். மூட்டையில் ஆண், பெண், குஞ்சு எல்லாமே குடிக்கும். குஞ்சு வளர்ந்து முடிய ஐந்து தடவை தோல் கழற்ற வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் இரத்தம் வேண்டும். நுளம்புக்குச் சிறகு இருக்கிறது, முட்டையிடத் தண்ணீர் தேவை. மூட்டைக்குச் சிறகும் இல்லை, தண்ணீரும் வேண்டாம். படுத்துறங்க ஓர் ஆள் இருந்தால் போதும். மெத்தைத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது செரித்துக் கழித்த நம் இரத்தம். பக்கத்தில் வெளிறிய மஞ்சளில் உதிர்ந்த தோல்கள். மர வெடிப்புக்குள் ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருக்கும்; தும்புத்தடியால் தட்டினாலும் விழாது.

இந்த இரண்டு பூச்சிகளையும் நாம் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பிழை என்று நினைக்கிறேன். 1940களின் நடுவில் மலேரியாவுக்காக இலங்கை வீட்டுச் சுவர்களில் டிடிடி பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கினார்கள். அந்த மருந்து வந்த புதிதில் உலகெங்கும் மூட்டையும் கூடவே செத்தது. ஆனால் 1947இலேயே ஹவாயின் பேர்ள் துறைமுகக் கடற்படைக் குடியிருப்புகளில் டிடிடிக்குச் சாகாத மூட்டைகளைக் கண்டார்கள். நம் திருகோணமலைத் துறைமுகமும் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம்தான். கப்பலோடு பெட்டியும் படுக்கையும் வந்துபோன ஊர். இலங்கையில் நுளம்பு டிடிடியைத் தாங்கப் பழகியதும் 1977இல் மலத்தியன் என்ற மருந்துக்கு மாறினார்கள். நம் நாட்டு மூட்டைப்பூச்சிகள் இந்த இரண்டு மருந்துகளையுமே எதிர்த்து நிற்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். நுளம்புக்கு அடித்த மருந்து மூட்டையையும் பழக்கிவிட்டது என்பதே என் கணிப்பு. தென்னாபிரிக்காவின் குவாசூலுவில், மருந்தடித்த பின் மூட்டைத் தொல்லை கூடுகிறது என்று மக்கள் மலேரியா ஊழியர்களை வீட்டுக்குள் விடவே மறுத்தார்கள். நோய் பரப்பாத பூச்சி, நோய்த் தடுப்பையே தடுத்துவிட்டது.

வெட்கத்துக்கும் காரணம் இல்லை. 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் கதிகலங்கியது. பயணப்பெட்டி, இரவு ரயில் இருக்கை, அரைவிலைக்கு வாங்கிய சோபா என்று எதிலும் ஏறி வரும். நுளம்பைச் சிரட்டையில் தேடலாம். மூட்டையின் வழி தெரிய வேண்டுமானால் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். மறைத்தபடி பிள்ளையை மாமி வீட்டுக்குத் தலையணையோடு அனுப்பினால் அங்கேயும் போய்ச் சேரும்.

வயலுக்கு அடிக்கிற நஞ்சை மெத்தையில் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை முகம் புதைத்துத் தூங்கும் இடம் அது; தயவுசெய்து வேண்டாம். சூட்டை மூட்டை தாங்காது. 50 பாகை செல்சியசுக்கு மேல் சற்று நேரம் இருந்தால் முட்டையும் சாகும். துணிகளைக் கொதிநீரில் போடுங்கள், கட்டிலைக் கழற்றிப் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள், ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் செய்யுங்கள். வெறும் வெயிலை நம்ப வேண்டாம். மெத்தையின் நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. சிரட்டை பார்க்க வரும் பரிசோதகர் கட்டிலையும் ஒருதரம் பார்த்து, இந்த வழியை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தால் மேலதிகமாக ஐந்து நிமிடம்தான் ஆகும். திருகோணமலை மாவட்டத்தின் சுகாதாரப் பணிமனைகள் அதைத் தொடங்கலாம்.