இனிஷியலுக்குப் பின்னால இருக்குறது யாரு? வேலூர் - ஆம்பூர் பக்கம் வேர் தேடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்க இனிஷியல் யாரோட பேரு? அப்பா பேருன்னு டக்குனு சொல்லிடுவீங்க. அப்பாவோட இனிஷியல்? தாத்தா பேரு. தாத்தாவோட இனிஷியல்? இங்கதான் நிறைய வீடுகள்ல பேச்சு நிக்கும். "மு-ன்னு போடுவாரு. முனுசாமியோ, முத்துவோ... உங்க பெரியம்மாவைத்தான் கேக்கணும்" என்பாங்க.

2025 கடைசியில வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தப்போ, ஊரே 2002, 2005 பட்டியல்கள்ல அப்பா, தாத்தா பேரைத் தேடிச்சு. போன் ஸ்கிரீன்ல அந்தப் பேரைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு சின்ன சிலிர்ப்பு. அதுக்கும் முன்னாடி யாரு? அதைத் தேடுறது எப்படின்னுதான் இங்க பார்க்கப்போறோம்.

ஊர்தான் நமக்கு சர்நேம்

இத்தாலியில பூர்வீகம் தேடுறவங்களுக்கு ரெண்டு வசதி இருக்கு. குடும்பப் பேர் தலைமுறை தலைமுறையா மாறாம வரும். ஒவ்வொரு ஊர் நகராட்சியிலயும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு இருக்கும். நாட்டோட பெரும்பாலான பகுதிகள்ல 1866-லயிருந்து. தென்னித்தாலியில நெப்போலியன் காலத்துலயே தொடங்கிடுச்சு. அதுல நிறைய ஏடுகளை ஸ்கேன் பண்ணி 'அந்தெனாத்தி'ங்கிற அரசு வெப்சைட்டுல இலவசமா போட்டிருக்காங்க.

நமக்குப் பேரு ஒவ்வொரு தலைமுறையிலயும் மாறிடும். சும்மா 'கோவிந்தன்'னு தேடினா ஆயிரம் கோவிந்தன் வருவாங்க. அதனால மூணு விஷயத்தைச் சேர்த்துப் பிடிங்க: அப்பா பேரு, ஊரு, அந்த வருஷத்துல அந்த ஊரு எந்த ஆபீஸுக்குக் கீழே இருந்துச்சுங்கிறது. மூணாவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

முதல் ஆபீஸ் உங்க வீட்டுப் பீரோ

வெளியே போறதுக்கு முன்னாடி பீரோவைத் திறங்க. பழைய கல்யாணப் பத்திரிகை ஒண்ணு போதும், ரெண்டு பக்கத்துப் பெரியவங்க பேரும் ஊரும் அதுல இருக்கும். வீட்டு பைபிளோட முதல் பக்கத்துல பிறந்த தேதிகளை எழுதி வச்சிருக்கலாம். தாத்தாவோ பாட்டியோ டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ வேலை பார்த்திருந்தா பி.எஃப். நாமினேஷன் படிவம், இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்குதான்னு பாருங்க. குடும்பத்துல யார் யாருன்னு அதுல எழுதியிருக்கும். சொந்தமா நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த மாதிரி காகிதங்கள்தான் பட்டா மாதிரி.

பள்ளிக்கூட டி.சி.யில இருக்குற பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. ஸ்கூல்ல சேர்க்க வயசு கணக்கா வரணும்னு வாத்தியாரே ஒரு ஜூன் மாசத் தேதியைப் போட்டுவிட்ட காலம் அது.

சரியான வருஷம் வேணும்னா பாட்டிகிட்ட வருஷத்தைக் கேக்காதீங்க, சம்பவத்தைக் கேளுங்க. "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்களே, அப்போ உங்கப்பா கைக்குழந்தை"ன்னு சொன்னா, அது 1967 ஜனவரி. "காமராசர் முதலமைச்சரா இருந்தப்போ"ன்னா 1954-லயிருந்து 1963-க்குள்ள. வாணியம்பாடிப் பக்கம் மூத்த தலைமுறைக் கதைகள்ல பாலாத்து வெள்ளம் வந்தா, 1903 நவம்பர் வெள்ளமா இருக்கலாம். பாட்டி பேசறதை போன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க. பதிவேடு பத்து வருஷம் கழிச்சும் இருக்கும். பாட்டி ஞாபகம் அப்படி இல்ல.

உங்க ஊரு அப்போ எந்த மாவட்டம்?

ஆம்பூர், வாணியம்பாடி இன்னைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர். மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டை. ஆனா இந்தப் பிரிவினை 2019-ல வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாமே வேலூர் மாவட்டம். 1989 வரைக்கும் திருவண்ணாமலையையும் சேர்த்து ஒரே வட ஆற்காடு.

இன்னும் பின்னாடி போனா கதை மாறுது. 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் வேலூர் இல்ல, சித்தூர். அதே 1911 வரைக்கும் வாணியம்பாடி இருந்த திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்துல இருந்துச்சு. பக்கத்துலயே இருக்குற ஆம்பூர் மட்டும் வட ஆற்காடு. அதனால வாணியம்பாடிக் கொள்ளுத்தாத்தாவை வட ஆற்காட்டு ஆவணங்கள்ல தேடினா கிடைக்காம போகலாம். அவர் சேலம் கட்டுல இருப்பாரு. இந்த மாவட்ட ஆவணங்களைத் தேட எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகணும். முன்அனுமதி தேவை.

அரசு பதிவேடுகள்ல என்ன இருக்கும்?

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு டவுன்ல நகராட்சி அலுவலகம், கிராமத்துல வி.ஏ.ஓ. கிராமங்களோட பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்துல சேர்ந்திருக்கும். 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி, யார் வேணும்னாலும் கட்டணம் கட்டி ஒரு பதிவைத் தேடச் சொல்லலாம். இறப்புச் சான்றுல சாவுக்கான காரணத்தை மட்டும் தரமாட்டாங்க.

ஒரு டிப்ஸ்: பழைய பிறப்புப் பதிவுல குழந்தை பேரே இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', தேதி, பெற்றோர் பேரு, ஊரு, அவ்வளவுதான். பேரு வைக்குறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருப்பாங்க. அதனால தாத்தா பேரைச் சொல்லித் தேடாதீங்க. அவரோட அப்பா பேரைச் சொல்லி, முன்னபின்ன ரெண்டு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்க.

வீடோ நிலமோ இருந்திருந்தா பதிவுத்துறையோட வெப்சைட்டுல 1975-லயிருந்து வில்லங்கம் பார்க்கலாம். அதுல வர்ற ஆவண எண்ணை வச்சு பாகப்பிரிவினைப் பத்திரத்தோட நகலை வாங்கிப் பாருங்க. யாரு, யாரோட பிள்ளை, யாருக்கு என்ன பங்குன்னு மூணு தலைமுறை ஒரே பத்திரத்துல வரிசையா நிக்கும்.

கோயில் பதிவேடும் ஜமாத் தஃப்தரும்

இந்தப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பமா இருந்தா, முதல்ல எந்தச் சபைன்னு பாருங்க. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல தொடங்கின ஆற்காடு மிஷன் வழி வந்த சபைகள் இன்னைக்கு சி.எஸ்.ஐ. வேலூர் பேராயத்துல இருக்கு. 1895-ல கிருஷ்ணகிரியில வேலையைத் தொடங்கி ஆம்பூர் பக்கம் பரவின அமெரிக்க லுத்தரன் மிஷன் இன்னைக்கு ஐ.இ.எல்.சி. கத்தோலிக்கர்னா வேலூர் மறைமாவட்டம். அது 1952-ல உருவானது.

பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீன்ல இருக்கும். பயப்பட வேண்டாம். 'ஃபீலியுஸ்'னா மகன், 'ஃபீலியா'ன்னா மகள், 'பாத்ரீனுஸ்'னா ஞானத்தகப்பன். இந்த மூணு வார்த்தை போதும், பாதி புரிஞ்சிடும். இத்தாலியில இருக்குற ஒரு கிராமக் கோயில்லயும் இதே வார்த்தைகள்தான். இப்படி ஏடு வைக்கணும்னு திரெந்து பொதுச்சங்கம் 1563-லயே கட்டளை போட்டுச்சு. ஞானஸ்நானப் பதிவோட ஓரத்தையும் மறக்காம பாருங்க. பிற்பாடு அவருக்கு எந்தக் கோயில்ல கல்யாணம் ஆச்சுன்னு அங்க குறிச்சிருப்பாங்க. அதுதான் நீங்க போகவேண்டிய அடுத்த ஊரு. 1872 சட்டப்படி எழுதின கிறிஸ்தவத் திருமணப் பதிவுல ரெண்டு பேரோட அப்பா பேரு, தொழில், வசிப்பிடம் எல்லாம் இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மஹல்லா ஜமாத்தோட நிக்காஹ் தஃப்தர் இருக்கு. மணமக்களோட அப்பா பேரு, வகீல், சாட்சிகள், மஹர் தொகை எல்லாம் பதிவாகியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பழைய ஏடுகள் உருதுவுல இருக்கலாம். படிச்சுச் சொல்ல ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க.

எங்க போனாலும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துட்டு, கூட்டம் இல்லாத நாள்ல போங்க. கேக்காம போட்டோ எடுக்காதீங்க. ஏட்டோட வருஷம், பக்கம், வரிசை எண் மூணையும் குறிச்சுக்கோங்க.

கிடைச்சதுக்கு அப்புறம்

ஒண்ணுக்கு மனசைத் தயார்படுத்திக்கோங்க. முனியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரியா மாறியிருப்பாங்க. அந்த முனியம்மாங்கிற பேரு உலகத்துலயே அந்த ஒரு வரியிலதான் மிச்சம் இருக்கலாம். பக்கத்துலயே அந்தக் காலத்துக்காரங்க எழுதின சாதிப் பேரு, இன்னைக்கு வாயால சொல்லக் கூசுற வார்த்தையில இருக்கலாம். தோல் பதனிடுறதையே இழிவான வேலைன்னு நினைச்ச காலத்துல எழுதினது அது. படிக்குறப்போ கோபம் வரும், வரட்டும். ஆனா அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. உயிரோட இருக்குறவங்க பிறந்த தேதியை எங்கயும் பொதுவுல போடாதீங்க.

இன்னொண்ணு, அந்தப் பக்கத்துலயிருந்தும் ஒருத்தர் உங்களைத் தேடிக்கிட்டு இருக்கலாம். 1860 நவம்பர் 16-ல சென்னையிலயிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தைத் தொட்டுச்சு. 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளா நேட்டாலுக்குப் போனாங்க. அதுல வட ஆற்காட்டுக்காரங்க நிறைய. கப்பல் பட்டியல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண், பேரு, அப்பா பேரு, வயசு, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கு. அவங்க பேரப்பிள்ளைங்க கையில இருக்குறது வெள்ளைக்கார எழுத்தர் காதுல விழுந்தபடி எழுதின ஒரு ஊர்ப் பேரு மட்டும்தான். அது எந்த ஊருன்னு அடையாளம் சொல்ல அந்த ஊர்க்காரங்களாலதான் முடியும்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. வெள்ளைத்தாள்ல உங்க பேரை எழுதுங்க. மேல அப்பா, அதுக்கு மேல தாத்தா. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஊரை எழுதுங்க. எந்த இடத்துல பேனா நிக்குதோ, அந்த ஊரோட பஸ்ல ஏறுங்க. போறதுக்கு முன்னாடி பெரியம்மாவுக்கு ஒரு போன்.