நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு

வாங்கும்போது நிறைத்து அளந்து, கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டிக்கும் அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதிக் கொடுக்கும்போது, பிள்ளைகளுக்குத் தராசையும் படியையுமே உதாரணம் சொல்லி வந்தோம். அன்னவாசல் ஒன்றியத்துக் கண்மாய்க் கரைகளில் நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய்மாரைப் பார்த்த பிறகு, உழைப்பை அளக்கும் கருவியும் அதில் அடங்கும் என்று தோன்றிற்று.

கூலி வேலையின் வருகைப் பதிவேட்டுக்குப் பழைய வரலாறு உண்டு. இராஜஸ்தானின் கோட்கிரானா ஊரில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு மக்களைக் கூட்டி, அரசுப் பணிகளின் கணக்கை உரக்க வாசித்தது. வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்தப் போராட்டம் வளர்ந்தே 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. அங்கே கணக்கைக் கண்காணித்தவர்கள் உழைத்தவர்களே.

அதே 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தது. 2008இல் நம் மாவட்டத்துக்கும் விரிந்தது. காகிதப் பதிவேட்டில் பொய்ப் பெயர்கள் நுழைந்ததை மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்தாக 2021 மே மாதம் கைப்பேசிச் செயலி அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. காலையிலும் பிற்பகலிலும் தொழிலாளர்களை நிறுத்தி, இடக்குறிப்புடன் படம் எடுக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத பொட்டலில் படம் ஏறாவிட்டால் அன்றைய உழைப்புக்கு ஆதாரமில்லை. 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியே மட்டும் கூலி என்றானதும், அட்டையில் ஓரெழுத்து மாறியிருந்தவர்களும் அலைய நேர்ந்தது. மோசடியாவது ஒழிந்ததா? படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பி, அதிகாரிகள் சரிபார்க்கச் சொன்னது.

கொடுக்க வேண்டியவரின் கணக்கு என்ன? 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். தவறினால் 16ஆம் நாள் முதல் தினமும் 0.05 சதவீதம் இழப்பீடு. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு விதித்த கூலி 336 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமத இழப்பீடு பதினேழு காசுகூட இல்லை. 2025 ஜனவரியில், நிலுவையில் இருந்த 1,056 கோடி ரூபாய்க் கூலியை விடுவிக்கக் கோரி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த வாரங்களிலும் கண்மாய்க் கரையில் நாளுக்கு இருமுறை படம் எடுப்பது நிற்கவில்லை.