மலையடிவாரத்துப் போர்க்கணக்கு

ஆயக்குடி கொய்யாச் சந்தையில் விடியற்காலையில் கூடை இறக்கும்போது எனக்குத் தெற்கே தெரிவது பழனி மலைத்தொடர். அந்த அடிவாரம்தான் ஒருகாலத்தில் பாளையங்களின் பலம். பீரங்கி சமவெளியில் உருளும். காட்டுப் பாதையில் ஏறாது.

இதை நன்கு புரிந்துவைத்திருந்தவர் பக்கத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த மண் அது. 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியை ஒற்றை ஆளாக எதிர்க்க முடியாது என்று பாளையங்களை ஒன்றுசேர்த்தார். வடக்கே மராட்டியப் பகுதியில் கும்பினியை எதிர்த்துவந்த தூந்தாஜி வாக்குடனும் தொடர்பு இருந்தது.

1800 ஜூன் 3, மொகரம் நாள். கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கினார்கள். ஆனால் வடக்கிலிருந்து எதிர்பார்த்த குதிரைப்படை வந்து சேரவில்லை, தாக்குதல் தோற்றது. பிடிபட்ட 42 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் பலரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

ஓலை கொண்டு ஓடும் ஆளை நம்பி, இத்தனை தூரத்துக்கு ஒரே நாளைக் குறித்தார்கள். வீரத்தில் குறையில்லை, செய்தி போய்ச்சேரும் வேகம்தான் போதவில்லை. செப்டம்பரில் தூந்தாஜி கொல்லப்பட்டார். 1801இல் கோபால நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருப்பதையே கும்பினி தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. மிஞ்சிய பாளையங்கள் வரி கட்டும் ஜமீன்களாயின. எங்கள் ஆயக்குடியும் அப்படித்தான்.