காலிக் கோட்டையின் பழைய இல்லங்கள்

காலிக் கோட்டையின் மதிலைக் காணச் செல்வோர் பலர். அம்மதிலுக்குள்ளே நிற்கும் வீடுகளை உற்றுநோக்குவோர் சிலரே. போர்த்துக்கேயர் தொடங்கிய அரணை 1640 ஆம் ஆண்டிலே கைப்பற்றிய ஒல்லாந்தர், கடல் சூழ்ந்த அம்முனையிலே நேரான தெருக்களை வகுத்து ஒரு நகரையே அமைத்தனர். கப்பற் கயிறு திரித்த இடம் இன்றும் லெயின் பான் வீதி என அவர்தம் மொழிப் பெயராலேயே வழங்குகின்றது.

எனினும் அங்குள்ள இல்லங்களை ஒல்லாந்த வீடுகள் என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டெழுந்த கனத்த சுவர், பீலி ஓடு வேய்ந்த சரிந்த கூரை, தூண்கள் தாங்கிய முன்விறாந்தை, காற்றும் ஒளியும் இறங்கும் நடுமுற்றம் ஆகியன இந்நாட்டு வெயிலும் மழையும் கற்பித்த அமைப்புக்களாம்.

1796 இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1875 இல் கொழும்பிலே அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கினர். அது வளர வளரக் கப்பல்கள் காலியை விட்டு அங்கே சென்றன. வாணிகம் தளர்ந்தது. பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டப் பணமிருந்தவர் அருகினர். காலியின் வீடுகளைக் காத்த முதற் காவலன் இவ்வறுமையே எனலாம். காலப்போக்கிற் பறங்கியர் பலர் வெளியேறினர். தமிழ் பேசும் சோனகரும் சிங்களரும் அவ்வீடுகளிலே குடிபுகுந்தனர். குடும்பம் பெருகியபோது ஒரு வீடு இரண்டாயிற்று; விறாந்தை பலகையால் அடைக்கப்பட்டு அறையாயிற்று. வாழ்பவர் செய்யும் மாற்றத்தைக் குற்றமெனல் எளிது. அவர்தம் தேவையை அளந்தறிதல் அத்துணை எளிதன்று.

உண்மையான கேடு விளைத்தது சீமெந்து. கடலருகே நிற்கும் முருகைக் கற்சுவர் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சுந் தன்மையது. சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை மெல்ல வெளியே விடும். அதன் மேற் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்புப் படிகமாகி வீங்க, பூச்சு பாளம் பாளமாக உதிரும். உறுதி வேண்டிச் செய்த திருத்தமே சுவரை அரித்துவிடும். பழைய முறையிற் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்துப் பூசுதற்கோ பொறுமையும் கைதேர்ந்த கொத்தரும் வேண்டும்.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் முன்னரே இருந்தது. 1988 இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. 1994 இற் காலி மரபுரிமை மன்றம் சட்டத்தால் நிறுவப்பட்டது. பின்னர் நெதர்லாந்தின் உதவியுடன் தனியார் வீடுகள் சிலவற்றின் முகப்பும் கூரையும் செப்பனிடப்பெற்றன. விறாந்தைகள் மீண்டும் திறந்தன, தூண்கள் வெளிப்பட்டன.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைத் தடுத்து நின்ற மதிலால், அக்காலத்தில் வந்த வேறோர் அலையைத் தடுத்தல் இயலவில்லை. வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வரும் வீடுகளை வாங்கி விடுதிகளாக்கினர், விலை ஏறிற்று. வெளிநாட்டார் நிலம் வாங்குவதை 2014 இல் ஒரு சட்டம் மட்டுப்படுத்தியபோது, பல வீடுகள் கைமாறி முடிந்திருந்தன. பிழையறத் திருத்தப்பெற்ற வீடுகள் பலவற்றிலே இன்று குடும்பம் இல்லை. சுண்ணாம்புப் பூச்சுக்கும் தேக்குமரத்துக்கும் செலவிட விடுதிக்காரரால் இயலும். மணமான மகளுக்கு ஓர் அறை கூட்ட விரும்பும் தந்தையோ அனுமதிக்கும் அலைய வேண்டும், பணத்துக்கும் அலைய வேண்டும். விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே விசாலமான வீடொன்று கட்டுதல் அவருக்கு இலாபமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அவர் விட்டுச் சென்ற வீட்டின் முகப்பு விதிப்படி நிற்கின்றது. ஓடும் பீலி ஓடே, தூணும் பழைய தூணே. உள்ளே, பெண்கள் நெல்லும் மிளகாயும் உலர்த்திய நடுமுற்றத்திலே, விருந்தினர் நீராட ஒரு சிறு தடாகம் வெட்டப்பட்டுள்ளது.